செவனில் பூசம், டென்னில் புனர்பூசம்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்.

நான்.

என் வீட்டுக்காரி.

என் மகள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

பையனின் அம்மா.

பையனின் தாய்மாமன்.

லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற பெண்.

பையன் வரவில்லை. ஆலங்குளத்தில் அவசர வேலை என்றார்கள்.

கடையில் நாற்காலி மூன்று. வந்த இருவருக்கும் ரிப்பேர் பெண்ணுக்கும் கொடுத்தோம். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மேசை மேல் லேப்டாப்.

லேப்டாப்பில் பழைய சிஸ்டம் வேண்டுமா புது சிஸ்டம் வேண்டுமா என்று முடிவு பண்ணத்தான் கூடினோம் என்று நான் சொல்வேன். என் வீட்டுக்காரி, மகள் கல்யாணத்தை முடிவு பண்ணக் கூடினோம் என்பாள். இரண்டும் ஒன்றாகிப் போயிருந்தது. எப்படி ஆனது என்று சொல்கிறேன்.

தென்காசியில் ஜாதகம் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற கடை என்னுடையது. எனக்கு ஜோசியம் தெரியாது. பிறந்த தேதி, நேரம், ஊர் சொன்னால் தட்டுவேன். லேப்டாப்பே கட்டம் போடும். இரண்டு ஜாதகம் கொடுத்தால் பத்துப் பொருத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று அதுவே சொல்லும். காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பேன். மஞ்சள் மட்டும்தான் நான் செய்வது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. இதற்கு முன்னால் குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. பதினாறு வருடம். தோள்பட்டை போனது. வேறு வேலை பாருங்கள் என்றார் டாக்டர். பார்த்தேன். அந்த வேலையில் எல்லாரும் குப்புறப் படுத்திருப்பார்கள், பேச வேண்டியதில்லை. இந்த வேலையில் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறார்கள். அது ஒன்றுதான் கஷ்டம்.

ஜாதக சாப்ட்வேர் ஒரு சிடியில் வந்தது. கூடவே கட்டைவிரல் நீளத்தில் ஒரு குச்சி. லாக் என்று சொன்னார்கள். அதை லேப்டாப்பில் செருகினால்தான் ஜாதகம் திறக்கும். விற்றவர் இப்போது தொழிலில் இல்லை. அவருடைய நம்பரில் வேறு யாரோ ஒரு கேரளாக்காரர் எடுக்கிறார். நல்ல மனிதர். நான் கூப்பிட்ட மூன்று தடவையும், அது நான் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

ஆனி மாதம். சாரல் விடாமல் அடித்தது. கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளாகக் காயவில்லை. ஒரு நாள் காலையில் லேப்டாப் திறக்கவில்லை. கறுப்பாக இருந்தது. தூக்கிக்கொண்டு ரிப்பேர் பெண்ணிடம் போனேன். கெட்டிக்காரி. நான் பேசாமல் வைத்தாலே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள்.

"டிஸ்க் போச்சு அண்ணாச்சி. புதுசு போடணும். உள்ள இருந்ததெல்லாம் எடுத்துரலாம், பயப்படாதிய. சிஸ்டம் எது போடட்டும்? செவனா, டென்னா?"

"என்ன வித்தியாசம்?"

"செவன் பழசு. இம்புட்டு நாளும் இதுல இருந்தது அதுதான். டென் புதுசு. அதுக்கும் மேல லெவன் இருக்கு. ஒங்க லேப்டாப்பு அதத் தாங்காது."

"எட்டு?"

"எட்டு வந்துச்சு. யாருக்கும் பிடிக்கல."

"ஒம்பது?"

"ஒம்பது வரவே இல்ல."

கிரகம் ஒன்பது. ஒன்பதை விட்டுவிட்டு எண்ணுகிறவர்கள் செய்த சிஸ்டத்தில் ஜாதகம் போடலாமா என்று மனதில் ஓடியது. கேட்கவில்லை.

"செவன் போட்டா ஒங்க ஜாதகம் ஓடும். நெட்டு சரியா ஓடாது. டென் போட்டா நெட்டு ஓடும், ஜாதகம் ஓடாது. அந்தக் குச்சி இருக்குல்லா, டென்னுக்கு அது யாருன்னே தெரியாது. டென்னுக்குப் புது சாப்ட்வேர்தான் வாங்கணும்."

நெட்டும் வேண்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் போனில் அனுப்புங்கள் என்கிறார்கள். என்னால் முடியாது என்றால் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போட்டோவில் பாதி ராசிக்கட்டம், பாதி அவர்கள் கட்டைவிரல்.

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"வெரசாச் சொல்லுங்க. எனக்கு சீசன் நேரம். அருவியில நனைஞ்ச போனு ஒரு கூடை கெடக்கு. குளிக்கப் போறவனுக்குப் போனு எதுக்கு?"

வீட்டில் சொன்னேன்.

"இருக்கதையே போடுங்க," என்றாள் வீட்டுக்காரி. "தெரிஞ்சத விட்டுட்டு என்னத்துக்கு?"

"டென் போடுங்கப்பா," என்றாள் மகள்.

அதற்கு மேல் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். என் மகள்தான்.

மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். ஒரு லேப்டாப்பைப் பற்றி அவள் மூன்று நாள் பேசுகிறாள் என்றால் அது லேப்டாப்பைப் பற்றி இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

நாலாம் நாள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் வைத்தாள். ஜாதகப் பொருத்தம். பெண் இடத்தில் அவள் பிறந்த தேதி. பையன் இடத்தில் இருந்த தேதியும் எனக்குப் பழக்கமான தேதி. தை மாதம் நானே தட்டியது.

அந்தப் பையன் இன்வர்ட்டர் மெக்கானிக். லாட்ஜுக்கு இன்வர்ட்டர் பார்க்க வந்தான். இன்வர்ட்டரில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் மாதம் இரண்டு தடவை வந்து பார்த்தான். தை மாதம் அவன் வீட்டிலிருந்து முறையாகக் கேட்டார்கள். பொருத்தம் பார்த்துக் கொடுங்கள் என்றார்கள். என் கடையில் என் கையால் பார்த்தேன். பத்துக்கு ஆறு. ரஜ்ஜு இல்லை. ரஜ்ஜு என்பது தாலி நிலைக்கிற பொருத்தம், அது இல்லாவிட்டால் மற்றது இருந்தும் யோசிப்பார்கள். பையனின் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். நான்தான் மஞ்சள் தடவிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மகள் வீட்டில் பேசியதெல்லாம் உப்பு கம்மி, பஸ் லேட்டு, இவ்வளவுதான். வேறு இரண்டு இடம் வந்தது. வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது இந்தக் காகிதத்தில் பத்துக்கு ஏழு. ரஜ்ஜு உண்டு.

"எங்க எடுத்தது?"

"லாட்ஜ் கம்ப்யூட்டர்ல. அது டென்னு. புது ஜாதக சாப்ட்வேர் ஒண்ணு ஒரு மாசம் சும்மா பாக்கக் குடுக்கான். போட்டுப் பாத்தேன்."

பையனுக்கு அதே அனுஷம். மாறியது என் மகள்தான். செவனில் அவள் பூசம். டென்னில் புனர்பூசம்.

வீட்டுக்காரி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கூட்டினாள். புனர்பூசம் வந்ததும் நிறுத்தினாள்.

"இது யாரு ஜாதகம்?"

"எனக்குத்தாம்மா."

"ஏட்டி, இருபத்தாறு வருசமா மாசாமாசம் பூச நட்சத்திரத்துக்கு அர்ச்சனை பண்ணியிருக்கேன். அம்புட்டும் யாருக்குப் போச்சு?"

ஊரில் பூச நட்சத்திரத்தில் பிறந்த யாரோ ஒருவர் நன்றாக இருப்பார்.

மறுநாள் காலையில் குற்றாலம் பஸ் ஏறினேன். என் கண்ணால் பார்க்க வேண்டும். லாட்ஜில் கூட்டம். ஈரத்துண்டோடு ஆட்கள் நின்றார்கள். தரையெல்லாம் எண்ணெயும் தண்ணீரும். மேசைப் பக்கம் நின்ற ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு தடவ எனக்குத் தேச்சுவிட்டிருக்கியளே," என்றார். இருக்கலாம். எனக்கு முதுகுகள்தான் ஞாபகம். முகம் இல்லை.

கூட்டம் குறைந்ததும் மகள் நாற்காலியை விட்டு எழுந்தாள். உட்கார்ந்து தட்டினேன். அவள் காகிதத்தில் இருந்ததே வந்தது. பொய் இல்லை.

அவள் சொன்னாள். "பழசு வாக்கியப் பஞ்சாங்கக் கணக்குப்பா. இது திருக்கணிதம். நட்சத்திரம் முடியுத நேரம் ரெண்டுலயும் கொஞ்சம் முன்னப்பின்ன வருமாம். நான் பொறந்தது காலைல பத்து இருபது. பழசுல அதுக்கு முன்னாலயே புனர்பூசம் முடிஞ்சி பூசம் வந்துருது. இதுல புனர்பூசம் பத்தே முக்கால் வரைக்கும் இருக்கு."

"எது சரி?"

"ரெண்டையும் நம்புதவங்க இருக்காங்க."

கையோடு என்னுடையதையும் வீட்டுக்காரியுடையதையும் தட்டினேன். பழையதில் எங்களுக்குப் பத்துக்கு எட்டு. அந்த எட்டை அவள் அடிக்கடி சொல்லுவாள். சண்டை போடும்போதும் சொல்லுவாள். டென்னில் நாலு வந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "பிரிண்ட் எடுக்கட்டுமாப்பா?"

"வேண்டாம்."

"அம்மாகிட்ட?"

"வேண்டாம்."

அவள் சிரித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு. நான் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அதற்குள் தென்காசியில் செய்தி பரவிவிட்டது. எப்படி என்று தெரியாது. நான் சொல்லவில்லை. வீட்டுக்காரி இரண்டு பேரிடம் மட்டும்தான் சொன்னதாகச் சொன்னாள். சிஸ்டத்தை மாற்றினால் நட்சத்திரம் மாறுகிறது என்று பேசினார்கள். நான் கடைச் சட்டரை முழுதாகத் தூக்கும் முன் எதிர் டீக்கடைக்காரர் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, எனக்கு அஷ்டமத்துச் சனி நடக்கு. டென்னுல போட்டா போயிருமா?"

"லேப்டாப் ரிப்பேர்ல இருக்கு."

"வந்ததும் போட்டுப் பாருங்க. ஒரு மாசம் போனாலும் போதும்."

ரிப்பேர் பெண்ணுக்கும் செய்தி போயிருந்தது. போனில் சொன்னாள். "அண்ணாச்சி, சிஸ்டத்துக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சாப்ட்வேர் வேற, அதான் கணக்கு வேற. எங்கிட்ட நாலு பேரு வந்து நட்சத்திரம் மாத்தித் தாங்கன்னு நிக்காங்க. எல்லாரும் லேப்டாப்பே இல்லாதவங்க."

சம்பந்தம் இல்லைதான். எனக்கு இருந்தது. செவன் போட்டால் வாக்கியம்தான் ஓடும். டென் போட்டால் திருக்கணிதம்தான் ஓடும். தை மாதம் இல்லை என்று நானே அடித்துக் கொடுத்தேன். ஆனியில் உண்டு என்று நானே அடித்துக் கொடுத்தால், மகளுக்காகச் சிஸ்டத்தை மாற்றினான் என்று ஊர் சொல்லும். சரியாகத்தான் சொல்லும். மகளுக்கு மட்டும் டென், ஊருக்கெல்லாம் செவன் என்று கடை நடத்த முடியாது. செவனையே போட்டால் மகள் எதுவும் சொல்லமாட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அதை வருடக்கணக்கில் பார்க்க வேண்டும்.

ஆடி பிறக்க ஒன்பது நாள் இருந்தது. ஆடியில் பேச்சே எடுக்கமாட்டார்கள். பையனுக்கும் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

அந்த நேரத்தில் பையனின் தாய்மாமன் போன் பண்ணினார். முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, பொருத்தம் மாறியிருக்காமே. பய ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. ஞாயித்துக்கெழம நானும் என் தங்கச்சியும் வருதோம். கடைக்கே வருதோம். வீட்டுக்கு வேண்டாம். அவ கண்ணால பாத்தாத்தான் நம்புவா."

பொருத்தம் முடிவாகாமல் பெண் வீட்டு வாசல் ஏறமாட்டார்கள். அதுதான் முறை. கடை என்றால் யாரும் வரலாம்.

ரிப்பேர் பெண்ணிடம் போய் நின்றேன். எது என்று தெரியவில்லை என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பம் ரெண்டையும் போடுதேன்."

"ஒரே லேப்டாப்லயா?"

"ஒரே லேப்டாப்லதான். ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேக்கும். ஒரு பாதியில செவன், ஒரு பாதியில டென். ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு தூங்கும்."

இது முடியும் என்று முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாருமே ரெண்டும் வேணும்னு கேட்டதில்லையே அண்ணாச்சி."

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கடையில் இருந்தோம்.

பையனின் அம்மா மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தாய்மாமன் கனத்த ஆள். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை. மேசை மேல் ஒரு பை எலுமிச்சை வைத்தார். கடை முழுக்க வாசம். ரிப்பேர் பெண் லேப்டாப்பைத் திறந்து சுவிட்சை அமுக்கினாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. கீழே முப்பது என்று ஒரு நம்பர். அது குறைந்துகொண்டே வந்தது.

"எது வேணும்னு கேக்குது," என்றாள். "முப்பது செகண்டுக்குள்ள சொல்லணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். பத்து. ஒன்பது. எட்டு.

"இது என்ன, மாப்பிள்ள வீட்டுக்காரன விட அவசரப்படுது," என்றார் தாய்மாமன்.

நேரம் முடிந்து அதுவாகவே டென்னுக்குள் போனது.

இரண்டு தேதியையும் தட்டினேன். ஏழு. ரஜ்ஜு உண்டு. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பையனின் அம்மா காகிதத்தைத் தொடவில்லை.

"பழசுல காட்டுங்க."

அணைத்து மறுபடி ஆன் பண்ணினோம். இந்தத் தடவை ரிப்பேர் பெண்ணே செவனைத் தொட்டாள். குச்சியைச் செருகினேன். ஆறு. ரஜ்ஜு இல்லை. அதையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. என் மகள் அலமாரிப் பக்கம் நின்று சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பக்கத்தை.

"எது நெசம்?" என்றார் பையனின் அம்மா.

"எனக்கு ஜோசியம் தெரியாதும்மா."

"கடை வச்சிருக்கிய."

"தட்டினா வரத எடுத்துக் குடுப்பேன்."

"அப்பம் பிள்ளைக்கு எது நட்சத்திரம்?"

"ரெண்டுக்கும் அர்ச்சனை பண்ணிக்கிடலாம்," என்றாள் என் வீட்டுக்காரி. "இனிமே நான் அப்படித்தான் பண்ணப் போறேன்."

பையனின் அம்மா என் பக்கம் திரும்பினார். "ஒங்க பிள்ளைக்கே பொருத்தம் பாக்கிய. நீங்க எதத் தரப்போறிய?"

டென் என்று சொல்லத்தான் வாய் வந்தது. மகள் காலண்டரை விட்டு என்னைப் பார்த்தாள்.

"தை மாசம் தந்ததும் நான் எடுத்ததுதான். இதுவும் நான் எடுத்ததுதான். ஒண்ணக் கிழிச்சிட்டு ஒண்ணத் தரமாட்டேன். ரெண்டையும் எடுத்துக்கிடுங்க."

வீட்டுக்காரி என்னை முறைத்தாள். இதற்கு வீட்டில் எட்டுப் பொருத்தமும் பேசப்படும் என்று தெரிந்தது.

தாய்மாமன் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். தம்ளரை வைத்தார்.

"சரி. இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? எங்க கமிஷன் கடையில ரெண்டு தராசு இருக்கு. ஒரே மூட்டைய ஒண்ணுல வச்சா அம்பது கிலோ, ஒண்ணுல வச்சா அம்பத்தொண்ணு. காய் கொண்டுவார சம்சாரி அம்பத்தொண்ணும்பான். வாங்கிட்டுப் போற லாரிக்காரன் அம்பதும்பான். நான் ரெண்டு தராசையும் தூக்கிப் போடவா செய்யுதேன்? கூட்டிப் பாதியாக்குதேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிடுதாங்க. பத்து நாப்பது வருசமா ஓடுது."

"எண்ணே, இது எலுமிச்சங்காயா?"

"எலுமிச்சங்காய்ல எவ்வளவு சண்டை நடந்திருக்குன்னு ஒனக்குத் தெரியாது."

"எண்ணிக்கையக் கூட்டிருவே. ரஜ்ஜு? ஒண்ணுல இருக்கு, ஒண்ணுல இல்ல. அதுக்கு என்ன பாதி?"

"பாதி இருக்குல்லா. ஒனக்கும் மச்சானுக்கும் அந்தப் பாதியும் இல்லாமத்தான் கட்டிவச்சோம். மச்சான் எப்படி இருக்காரு? இப்பவும் சைக்கிள்லதான கடையத்துக்குப் போறாரு?"

அந்த அம்மாள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். பிறகு முதல் தடவையாக என் மகளைப் பார்த்தார்.

"சாப்பிடுதியாட்டி நீயாவது?"

"இல்ல," என்றாள் மகள்.

"அவனும் சாப்பிட மாட்டேங்கான்." காகிதங்கள் இரண்டையும் எடுத்து அடுக்கினார். "ஆறு போதாதுன்னுதான் தை மாசம் சொன்னேன். ஆறுக்கு மேல வந்தாச் சரி. ஆனா எனக்குக் காகிதம் வேணும். நாளைக்குச் சொந்தக்காரன் எவனும் கேட்டா நீட்டணும். ஒங்க கடை சீல் வச்சுத் தாங்க. ஆடி பெறக்க முன்னால பூ வச்சிருவோம்."

ரிப்பேர் பெண் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அது எந்த சிஸ்டத்துலயும் வராது."

எனக்கும் தெரியும். லேப்டாப்பை மூடி ஓரமாகத் தள்ளினேன். வெள்ளைத்தாள் ஒன்று எடுத்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். பெண் பெயர் எழுதினேன். நட்சத்திர இடத்தில் பூசம் என்று எழுதி, பக்கத்தில் புனர்பூசம் என்றும் எழுதினேன். பையன் பெயர் எழுதினேன். அனுஷம். கடை சீலைக் குத்தினேன். ஈரக்காற்றில் மை கொஞ்சம் பரவியது.

"எழுத்தால எழுதுங்க," என்றார் அந்த அம்மாள். "எண்ணுல போட்டா ஒரு கோடு இழுத்து மாத்திருவாங்க."

எழுத்தால் எழுதினேன்.

பத்துக்கு ஆறரை.